அம்மாவின் கைராசி

பிரஷர் குக்கர் ஊதியதும் முற்றத்துக்கு ஓடிய தலைமுறை நாங்கள். ஓடவில்லை என்று பொய் சொல்லாதீர்கள். எண்பதுகளில் கிளிநொச்சிப் பக்கம் வளர்ந்தவர் யாராவது இதை வாசித்தால், உங்கள் அம்மாவோ பெரியம்மாவோ குசினி வாசலில் நின்று, சேலைத் தலைப்பால் காதைப் பொத்திக்கொண்டு, "உது வெடிக்காதோ?" என்று கேட்டது ஞாபகம் வரும். "வெடிக்காது, கிட்ட வாங்கோ" என்று அதற்குப் பதில் சொன்னவர் என் அம்மாவாக இருந்திருக்கலாம்.

அம்மா வீடு வீடாகப் போய், சமைத்துக் காட்டி, சமையல் சாமான் விற்றவர். ஒரு வீட்டில் அயலட்டைப் பெண்கள் கூடுவார்கள். அம்மா நடுவில் மண்ணெண்ணெய் அடுப்பை வைத்து, குக்கரை ஏற்றி, சோறும் பருப்பும் ஆக்கிக் காட்டுவார். எல்லோரும் ருசி பார்ப்பார்கள். விருப்பமானவர்கள் வாங்குவார்கள். கூட்டத்துக்கு இடம் கொடுத்த வீட்டுக்காரிக்கு ஒரு சில்வர் செம்பு அன்பளிப்பு. இன்றைக்குப் பெரிய கம்பனிகள் இதைச் செய்கின்றன, ஏதோ பெயரும் வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் அதற்குக் 'குக்கர்க் கூட்டம்' என்று பெயர். மாதர் சங்கக் கூட்டத்தை எட்டியும் பார்க்காதவர்கள் குக்கர்க் கூட்டத்துக்கு முதல் ஆளாக வந்து பாயில் இருப்பார்கள். சாப்பாடு உண்டல்லவா.

எங்கள் வீடு கண்டாவளைப் பக்கத்துக் குடியேற்றத் திட்டத்தில், வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் இருந்தது. வயல் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பங்கள்தான் அங்கே அதிகம். அப்பாவுக்கு வயல் ஒத்துவரவில்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்த மாமி, அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை, "அண்ணர் சேத்துக்குள்ள ஒரு அடி வைச்சால், காலைக் கழுவ ரெண்டு தரம் வாய்க்காலுக்கு ஓடுவார்" என்று கேலி செய்வார். கடைசியில் காணியைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு, அப்பா கொழும்பில் ஒரு பலசரக்குக் கடைக்குக் கணக்கெழுதப் போனார். தைப்பொங்கலுக்கு ஒருமுறை, வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு ஒருமுறை வருவார். வரும்போதெல்லாம் ஊரில் யாரும் கண்டிராத ஏதாவது ஒன்று அவருடைய பெட்டியில் இருக்கும்.

எண்பத்து மூன்றாம் ஆண்டு வைகாசியில் அவர் கொண்டுவந்தது குக்கர். பெட்டியைத் திறந்ததும் புது இறப்பர் வளையத்தின் மணம் வீடெல்லாம் பரவியது. அந்த மணம் எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. வளையத்தைக் கையில் வளையலாகப் போட்டுக்கொண்டு திரிந்து பேச்சு வாங்கினேன். அப்பா குசினித் தரையில் சப்பணம் கட்டி இருந்து, அம்மாவுக்கு மூடியைச் சரித்துப் போட்டுத் திருப்பக் காட்டிக் கொடுத்தார். ஆம்பிளை ஒருவர் குசினியில் இருந்து சோறு ஆக்கியதைப் பார்க்க மாமி தன் மகளையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"இனி உன்ர மச்சாள் புகை தின்னத் தேவையில்லை" என்றார் அப்பா.

"அப்ப எனக்கு ஆர் வாங்கித் தாறது?" என்று மாமி கேட்டார்.

"உன்ர மேளின்ர கலியாணத்துக்கு நான் தாறன்."

அப்பா திரும்பிப் போனார். ஆடி மாதம் கலவரம் வந்தது.

அதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை, உங்கள் ஒவ்வொருவருடைய வீட்டிலும் ஒரு கதை இருக்கும். கொழும்பில் இருந்தவர்கள் கப்பலிலும் ரயிலிலும் பஸ்ஸிலுமாகத் திரும்பி வந்தார்கள். அம்மாவும் மாமியும் என்னையும் இழுத்துக்கொண்டு கிளிநொச்சி ஸ்டேசனில் போய் நின்றார்கள். இறங்கி வருகிறவர்களிடம் மாமிதான் முந்திக்கொண்டு விசாரிப்பார். அம்மாவுக்கு வாய் வராது. கடை எரிந்தது என்று ஒருவர் சொன்னார். அப்பாவைக் கண்டவர் யாருமில்லை. வீட்டுக்கு வரும் வழியில் அம்மா நடக்க முடியாமல் மதகில் இருந்துவிடுவார். மாமி பக்கத்தில் இருந்து அவருடைய தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொள்வார். மாமி இல்லாவிட்டால் அந்த மாதங்களில் அம்மா உயிரோடு இருந்திருக்கமாட்டார் என்றே நினைக்கிறேன்.

பொட்டை அழித்துவிட்டுக் காரியத்தைச் செய்யச் சொல்லிச் சில பெரியவர்கள் வந்தார்கள். அம்மா கையெடுத்துக் கும்பிட்டு அவர்களை அனுப்பிவிட்டார். "ஆள் செத்ததைக் கண்ட ஆள் வந்து சொல்லட்டும். அதுவரைக்கும் அவர் இருக்கிறார்" என்றார். பக்கத்தில் நின்ற மாமியும், "ஓம், என்ர அண்ணர் வருவார்" என்று அடித்துச் சொன்னார்.

ஆனால் வயிறு இருக்கிறதே. அடுத்த தை பிறந்ததும் கிளிநொச்சியில் சாமான் கடை வைத்திருந்த முதலாளி ஒருவரிடம் அம்மா வேலை கேட்டுப் போனார். அவர் கொழும்பிலிருந்து குக்கர்களை எடுத்து அடுக்கி வைத்துவிட்டு, ஒன்றும் விலைப்படாமல் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார். அதில் சமைக்கத் தெரிந்த ஒரு பெண் தன் கடைவாசலுக்கே வந்து நின்றதும் அவருக்குக் கடவுளே வந்தது போல் இருந்திருக்கும். "கடையில வைச்சு ஊதினால் சனம் ஓடுது. நீங்கள் வீடுகளில வைச்சு ஊதிக் காட்டுங்கோ தங்கச்சி" என்றார்.

முதற்கூட்டம் மாமி வீட்டில் நடந்தது. விறாந்தையில் பாய் விரித்து, பெண்கள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு இருந்தார்கள். அம்மா பருப்பைப் போட்டு மூடினார். அவருக்குக் கூட்டத்தில் பேசத் தெரியாது. குக்கர் ஊதியதுதான் தாமதம், பாதிப் பேர் முற்றத்தில் நின்றார்கள். வெடிச்சத்தம் எங்களுக்கு அவ்வளவாகப் பழகியிராத காலம் அது. ஒரு ஆச்சி வாய்க்காலையும் தாண்டிப் போய்விட்டார், பிறகு ஆள் அனுப்பிக் கூட்டிவர வேண்டியிருந்தது. ஓடியவர்களைப் பார்த்து அம்மா சிரித்தார். அப்பா போன பிறகு அம்மா சிரித்து நான் பார்த்தது அன்றுதான். பிறகு எல்லோரும் சிரித்தார்கள், பருப்புக் கறியைச் சட்டியோடு வழித்துச் சாப்பிட்டார்கள். ஒருவரும் ஒன்றும் வாங்கவில்லை. மாமிக்கு மட்டும் செம்பு கிடைத்தது.

மெல்ல மெல்ல அம்மா பேசப் பழகினார். அப்பாவின் சைக்கிளை அவருக்கு ஓடத் தெரியாது. கரியரில் குக்கரைக் கட்டி, ஹாண்டிலில் அடுப்பைக் கொழுவி, உருட்டிக்கொண்டே போவார். வீட்டில் என்னைப் பார்க்க ஆளில்லாததால் நானும் பின்னால் நடப்பேன். மண்ணெண்ணெயும் வெந்த அரிசியும் சேர்ந்த ஒரு மணம் அம்மாவின் சேலையில் எப்போதும் இருந்தது. எங்கள் சனம் குக்கருக்கு 'ஊதுற பானை' என்று பெயர் வைத்தது. கொஞ்சக் காலத்தில் ஊதுற பானை விலைப்படவும் தொடங்கியது.

ஆனால் ஒரு வேடிக்கை. அவ்வளவு பானைகள் விலைப்பட்டும் ஊரில் ஒன்றும் ஊதவில்லை. காலையில் சைக்கிளை உருட்டிக்கொண்டு போகும்போது அம்மா ஒவ்வொரு வீட்டுப் படலையடியிலும் காது கொடுத்துப் பார்ப்பார். உரல் இடிக்கிற சத்தம் கேட்கும், தேங்காய் துருவுகிற சத்தம் கேட்கும். ஒரு நாள் பொறுக்காமல் ஒரு வீட்டில் கேட்டே விட்டார்.

"பானை பழுதோ? ஊதிற சத்தத்தைக் காணேல்லை."

"ஐயோ அதைத் தொடுவமே! அது பிள்ளையின்ர சீதனத்துக்கெல்லே" என்றார் அந்த வீட்டுக்காரி. பிள்ளை அப்போது ஆறாம் வகுப்பில் என்னோடு படித்துக்கொண்டிருந்தாள்.

அப்படித்தான் எல்லா வீடுகளிலும் நடந்தது. பெண் பிள்ளை பெற்றவர்கள் வாங்கினார்கள், கடதாசி பிரிக்காமல் அலுமாரியில் வைத்துப் பூட்டினார்கள். தாங்கள் பழைய சட்டியில் புகை தின்றுகொண்டே இருந்தார்கள். நான் சிரிக்கிறேன், நீங்களும் சிரியுங்கள். நம் அம்மாமார் நல்ல சாமான் எதையும் தங்களுக்கென்று எப்போது வைத்துக்கொண்டார்கள்?

சீதனம் என்று ஆன பிறகு கதை வேறு பாதையில் போயிற்று. செவ்வாய்க் குற்றத்தால் நெடுநாள் கலியாணம் தள்ளிப்போய்க்கொண்டிருந்த ஒரு அக்காவின் தாய் அம்மாவிடம் குக்கர் வாங்கினார். அந்த மாதமே அக்காவுக்குச் சம்பந்தம் பொருந்திவிட்டது. வேறு ஒரு வீட்டிலும் அப்படியே நடந்தது. அவ்வளவுதான், அம்மாவின் கை ராசியான கை என்று கதை பரவிற்று. அதற்கு ஒரு விளக்கமும் கண்டுபிடித்தார்கள். குக்கர்க் கூட்டம் ஒன்றில் ஒரு பெண் சொன்னதை என் காதால் கேட்டேன்.

"இவ்வளவு கலவரத்துக்குள்ளயும் பொட்டு அழியாமல் நிக்கிறா பாருங்கோ. அது கெட்டியான தாலி. அப்பிடியான ஆளின்ர கையால வாங்கினால் எங்கட பிள்ளையளின்ர தாலியும் நிலைக்கும்."

அதைக் கேட்டு எனக்குப் பெருமையாக இருந்தது. அம்மா அடுப்பின் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தார்.

பிறகு குக்கர்க் கூட்டம் பாதிச் சடங்காகிவிட்டது. நாள் பார்த்து வைப்பார்கள். குத்துவிளக்கும் நிறைகுடமும் வந்தன. பருப்பும் சோறும் போய்ச் சர்க்கரைப் பொங்கல் வந்தது. அதில் ஒரு சிக்கல், மூடிய பானைக்குள் பொங்குவது வெளியே தெரியாதே. பொங்கி வழியாத பொங்கல் ஒரு பொங்கலா என்று பெண்கள் முகத்தைச் சுளித்தார்கள். அம்மா அதற்கு வழி கண்டார். முதலில் மூடி போடாமல் பாலைக் காய்ச்சுவார். அது எழும்பி விளிம்பில் வழிந்து, எல்லோரும் கண்ணாரக் கண்ட பிறகு அரிசியைப் போட்டு மூடுவார். முடிவில் புதுக் குக்கரின் மூடியில் சந்தனமும் குங்குமமும் வைத்து, வெற்றிலையோடு பெண்ணின் தாயின் கையில் கொடுப்பார். வாங்குகிறவர் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "அண்ணர் கெதியா வந்து சேருவார்" என்று வாழ்த்திவிட்டுப் போவார்.

அந்த வாழ்த்தை அம்மா நம்பினாரா? நம்பினார் என்றுதான் நினைக்கிறேன். காலையில் பொட்டு வைக்கும்போது கண்ணாடிக்கு முன்னால் முன்னைவிடக் கூடுதல் நேரம் நிற்பார். பொட்டும் முன்னைவிடப் பெரிதாக இருந்தது. அத்தனை தாய்மார் ஒன்றாக நேர்ந்தால் தெய்வம் கேளாமல் விடுமா என்று அவர் நினைத்திருக்கலாம். எப்படியோ, அவருடைய பொட்டை ஊரும் சேர்ந்து காவல் காத்தது.

எண்பத்தைந்தாம் ஆண்டு மாமியின் மகளுக்கு ஆனியில் கலியாணம் பொருந்தியது. சண்டை நிறுத்தம் என்று சொல்லி வீதிகளில் பஸ்கள் ஒழுங்காக ஓடத் தொடங்கியிருந்த நேரம். மாப்பிள்ளை வீட்டில் தாலிக்குப் பொன்னுருக்கிய அன்றைக்கே, மாமி தன் வீட்டில் குக்கர்க் கூட்டம் வைக்க வேண்டும் என்றார். முன்பு வெறும் செம்போடு முடிந்த கூட்டத்துக்கு வட்டியும் முதலுமாக இப்போது செய்யப்போவதாகச் சொல்லிச் சிரித்தார். அப்பா தருவதாகச் சொன்ன பானையை அப்பாவின் பேரால் அம்மா கொடுப்பதென்று இருவரும் பேசிக்கொண்டார்கள்.

பொன்னுருக்கினால் பிறகு என்ன கட்டுப்பாடு என்பது உங்களுக்குத் தெரியும். கலியாணம் முடியும்வரை இரண்டு வீட்டாரும் செத்தவீட்டுக்குப் போகமாட்டார்கள். சாவுச் செய்தியை அந்தப் படலைகளுக்குள் கொண்டுபோகவும் யாரும் துணியமாட்டார்கள். நெருங்கிய உறவில் சாவென்று காதில் விழுந்தால் துடக்கு, அந்தத் தீட்டோடு கலியாணம் நின்றுபோகும். நின்றுபோன கலியாணத்துப் பெண்ணை அந்தக் காலத்தில் யார் திரும்பக் கேட்டு வருவார்கள்?

அன்று மாமி வீட்டு முற்றத்தில் பந்தலுக்குக் கிடங்கு வெட்டிக்கொண்டிருந்தார்கள். குசினியில் பலகாரம் சுட்டார்கள். எண்ணெய் மணம் வாய்க்கால்வரை வந்தது. விறாந்தை நிறையப் பெண்கள். அம்மா கத்தரிப்பூ நிறச் சேலை கட்டியிருந்தார். அடுப்பில் பாலை வைத்துவிட்டு அவர் ஏதோ சொல்லிச் சிரிப்பூட்டிக்கொண்டிருந்தார். நான் பலகாரத்துக்காகப் படலையடியில் மற்றப் பிள்ளைகளோடு நின்றேன்.

வீதியால் ஒருவர் வந்தார். மெலிந்த ஆள், தோளில் துவாய். பேச்சிலேயே மலைநாட்டுக்காரர் என்று தெரிந்தது.

"பாப்பா, கொழும்புக் கடையில கணக்கெழுதின கண்டாவளை அண்ணன் வீட்டுக்காரங்க இங்கதான் இருக்காங்கன்னாங்க. உள்ள இருக்காங்களா?"

"அவர் என்ர அப்பா" என்றேன்.

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். தோளிலிருந்த துவாயை எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டார். "அம்மாவைக் கொஞ்சம் கூப்பிடும்மா" என்றார்.

அம்மா சிரித்த முகத்தோடுதான் வந்தார். அவரை வேலிக்கரைக்குக் கூட்டிப்போய்க் கிளுவை மரத்தடியில் நின்று கதை கேட்டார். எனக்குக் கேட்காத தூரம். அந்த மனிதர் பேசப் பேச நிற்க முடியாமல் குந்திவிட்டார். அம்மா நின்றபடியே நின்றார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "செம்பில தண்ணி கொண்டுவந்து குடு" என்றார். அவர் அண்ணாந்து குடித்துவிட்டு, அம்மாவைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அவர் சொன்னது எனக்குப் பின்னால்தான் தெரியும். அவர் அப்பாவோடு அதே கடையில் மூட்டை தூக்கியவர். கலவரம் தொடங்கிய அன்றே, கடைக்கு நெருப்பு வைத்தபோது, பின் மதிலால் ஏறமுடியாமல் நின்ற இவரை அப்பா தூக்கி ஏற்றிவிட்டார். தான் ஏறுவதற்குள் பிடித்துவிட்டார்கள். இவர் மதிலின் மேலிருந்து பார்த்தார். தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பப் பயந்து அலைந்து, இப்போதுதான் உடையார்கட்டுப் பக்கம் காடு வெட்டி இருக்கும் தன் சனத்தோடு வந்து சேர்ந்திருக்கிறார். அப்பாவின் சாமான் ஒன்றுகூடக் கொண்டுவந்து தர இல்லையே என்று அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டாராம்.

"மச்சாள்! பால் பொங்கப் போகுது, கெதியா வா!" என்று உள்ளேயிருந்து மாமி கூப்பிட்டார்.

அம்மா போனார். பால் எழும்பி வழிந்தது, பெண்கள் சந்தோசப்பட்டார்கள். அம்மா அரிசியைப் போட்டு மூடினார்.

"ஆர் அது வந்த ஆள்?" என்று மாமி கேட்டார்.

"வழி கேட்டு வந்தது."

கடைசியில் புதுக் குக்கரை எடுத்து வைத்தார்கள். அம்மா சந்தனக் கிண்ணத்தை மாமியின் பக்கம் தள்ளினார். "நீங்களே வைச்சு எடுங்கோ மச்சாள். உங்கட பிள்ளைக்கு உங்கட கைதான் ராசி" என்றார். நான் தூணோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், அம்மாவின் குரல் வேறு யாருடையதோ போல இருந்தது.

"விசர்க் கதை கதையாதை. உன்ர கையால தா. அதுக்குத்தானே இவ்வளவும்" என்றார் மாமி.

"எனக்குக் கை நோகுது மச்சாள்."

மாமி சிரித்துக்கொண்டே அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்து இழுத்துக் குக்கரின் மேல் வைத்தார். கூடியிருந்தவர்களும் "குடுங்கோ, குடுங்கோ" என்றார்கள். அம்மா பொட்டு வைத்துக் கொடுத்தார். அவருடைய கன்னத்தால் கண்ணீர் வடிந்தது. அப்பாவின் பேரால் கொடுக்கிற பானை, அதனால் அழுகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். மாமியும் அழுதார்.

கலியாணத்துக்கு அம்மா போகவில்லை. காய்ச்சல் என்று போர்த்துக்கொண்டு படுத்தார். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மேளச் சத்தம் கேட்டது. நான் புதுச்சட்டை போட்டுக்கொண்டு போய்ச் சாப்பிட்டுவிட்டு, அம்மாவுக்கும் வாழையிலையில் பலகாரம் கொண்டுவந்தேன். அவர் அதைக் கையில் வாங்கவில்லை.

கலியாணத்தின் நாலாஞ்சடங்கும் முடிந்த பிறகுதான் அம்மா ஐயரிடம் போய்ச் சொன்னார். உடல் இல்லாததால் தர்ப்பையில் உருவம் செய்து எரித்தார்கள். அம்மாவின் நெற்றி வெறுமையானது. அப்பாவுக்காக அழுதேனா, அந்த நெற்றியைப் பார்த்துப் பயந்து அழுதேனா என்று எனக்கு இன்றும் தெரியாது.

ஊர் கணக்குப் பார்த்தது. வந்த ஆள் வழி கேட்டு வந்த ஆளல்ல என்று தெரிந்துவிட்டது. பொன்னுருக்கிய வீட்டில், தெரிந்துகொண்டே, பட்டமரம் நின்று கொடுத்திருக்கிறாள் என்றார்கள். அது மட்டுமல்ல. அப்பா செத்தது கலவரத்தின் முதல் நாளிலே என்றால், முதல் விற்ற பானையிலிருந்து எல்லாமே தாலியில்லாதவளின் கையால் வாங்கியவை. அந்த எண்ணம் ஒவ்வொரு அலுமாரிக்குள்ளும் போய் இருந்துகொண்டது. அப்படி வாங்கியதில் கலியாணமாகிப் பிள்ளையும் பெற்றுவிட்டவர்கள் இருந்தார்கள். அதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. விடிய எழும்பிப் பார்த்தால் எங்கள் படலையடியில் கடதாசி பிரிக்காத பானைகள் இருந்தன. கொண்டுவந்து வைத்தவர்கள் உள்ளே வரவில்லை. வியாபாரத்துக்காக ஒரு பொம்பிளை புருசனின் சாவையே மறைத்தாள் என்பது ஊர் முடிவு. அதை என் பள்ளிக்கூடத்திலும் சொன்னார்கள், நானும் கொஞ்சக் காலம் நம்பினேன்.

பல வருடங்களுக்குப் பிறகு, எல்லா இடப்பெயர்வுகளும் முடிந்து வவுனியாவில் நாங்கள் இருந்தபோது, அம்மா படுக்கையில் கிடந்த ஒரு பின்னேரம் துணிந்து கேட்டேன்.

"அண்டைக்கு ஏன் அம்மா அங்கேயே விழுந்து அழேல்லை?"

அம்மா போர்வையை நெஞ்சுவரை இழுத்துக்கொண்டார்.

"பால் அடுப்பில இருந்தது பிள்ளை. அதை இறக்கவேணும் எண்டு போனனான். போனால் அந்தக் கலியாணப் பெட்டை பவுடர் போட்டுக்கொண்டு கதவு நிலையில நிக்குது" என்றார்.

மாமியைப் பற்றியும் நான் நியாயமாகச் சொல்ல வேண்டும். அவர் கெட்ட மனுசி இல்லை. கூடப் பிறந்தவர் போல் வளர்ந்த அண்ணன் செத்துப் போயிருக்க, அது தெரியாமல் பட்டுச்சேலையோடு சிரித்துக்கொண்டு நின்றது அவருக்கு மாறாத புண். மகளுக்கு என்ன வரப்போகிறதோ என்ற பயம் வேறு. மகளுக்கு ஒன்றும் வரவில்லை. நாலு பிள்ளை பெற்று இப்போது பேரப்பிள்ளைகளோடு கனடாவில் இருக்கிறார். இடப்பெயர்வில் ஒரே தறப்பாள் கூடாரத்தின் கீழ் இருந்தபோது மாமியும் அம்மாவும் திரும்பப் பேசிக்கொண்டார்கள். அரிசி, விறகு, பிள்ளைகளின் காய்ச்சல் என்று பேசினார்கள். அப்பாவைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. அதுதான் எனக்குத் தாங்காது. அவரை அவ்வளவு ஆசையாகக் கேலி செய்யத் தெரிந்தவர் உலகத்திலேயே மாமி ஒருவர்தான்.

செத்தவீட்டு நாட்களுக்கு வருகிறேன். அம்மா அறைக்குள் பாயில் இருந்தார். எங்கள் பக்கத்தில் செத்தவீட்டுக்கு வருகிற பெண், படலையடியிலேயே குரல் வைத்து அழுதுகொண்டு வருவார். வீட்டுக்காரி எழும்பிக் கையை நீட்டுவார், இருவரும் கட்டிப் பிடித்து, தோளில் தலை வைத்து ஒப்பாரி சொல்லி அழுவார்கள். அப்படி அழுதால்தான் அந்தத் துக்கம் இறங்கும். அம்மாவைக் கட்டி அழ ஊரில் ஒருவரும் வரவில்லை. அவரும் அதுவரை வாய்விட்டு அழவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று அதையும் சொன்னார்கள். எனக்கு மட்டும் தெரியும், அவர் ஒரே ஒருவருக்காக அந்த அழுகையை வைத்துக்கொண்டிருந்தார். "மாமி வருவா" என்று என்னிடம் அடிக்கடி சொன்னார். "பொண்ணு மாப்பிள்ளையை வழியனுப்பிப்போட்டு வருவா. அவவின்ர அண்ணரெல்லே."

ஒரு மத்தியானம் மாமி வாய்க்கால் பாலத்தால் வருவதைக் கண்டேன். கையில் துணியால் மூடிய ஏனம். செத்தவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை, அயலவர்தான் சாப்பாடு கொண்டுவர வேண்டும். எங்களுக்கு அது சரியாகக் கிடைத்திருக்கவில்லை. நான் பசியோடும் சந்தோசத்தோடும் உள்ளே ஓடினேன்.

"அம்மா, மாமி வாறா! சாப்பாடு கொண்டு வாறா!"

படலையடியில் அழுகைக் குரல் கேட்கவில்லை. மாமியின் தலை ஒழுங்காக வாரி முடிந்திருந்தது. ஆனால் அம்மா அதைக் கவனிக்கவில்லை. பாயில் கையை ஊன்றி எழும்பினார், முடிச்சு அவிழ்ந்த தலைமயிர் தோளில் விழுந்தது. மாமி வாசலைத் தாண்டி உள்ளே வந்ததும், "மச்சாள், என்ர ராசா போயிட்டாரே" என்று பெருங்குரலெடுத்து, இரண்டு கைகளையும் அகல விரித்துக்கொண்டு மாமியின் முன்னால் போனார்.

மாமி துணியை எடுத்தார். உள்ளே, மூடியில் சந்தனப் பொட்டோடு அந்தக் குக்கர் இருந்தது. விரித்திருந்த அந்தக் கைகளில் அதை வைத்துவிட்டுத் திரும்பி நடந்தார். அம்மா குக்கரை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, வாய் திறந்தபடியே, சத்தம் வராமல் நின்றார்.